தோட்ட நகரத்துத் துணிக்கொடி

1938 ஏப்ரல் 11

திங்கள். துவைக்கிற நாள். காலையிலேயே கொடி நிறையத் துணி போட்டாயிற்று. பக்கத்து வீட்டு ஓபல் ரிட்டர் சமையலறை வாசலில் காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னையா, துணியையா? துணியைத்தான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆர்ச்சியின் கால்சட்டைகளுக்குப் பக்கத்தில் எமெட்டின் கால்சட்டை ஒன்று தொங்குகிறது. என் வீட்டுக்காரர் என் காது உயரம். என் தம்பியோ வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொள்கிறவன். இந்த வீட்டில் இரண்டு ஆண்கள் என்று குருடனுக்கும் தெரிந்துவிடும். ஓடிப்போய் ஒரு போர்வையை இழுத்து மறைத்தேன். அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு அது?

ஏப்ரல் 12

இரவெல்லாம் தூக்கமில்லை. ஆர்ச்சி திட்டினார். "அவ பாட்டுக்கு காபி குடிச்சிட்டு நின்னிருக்கா. நீ ஏன்டி பேயைப் பாத்த மாதிரி நடுங்குற?" என்றார். அவருக்கென்ன, பகலெல்லாம் அலுவலகம்.

எமெட் கொத்தனார். நகரத்தில் ஒரு சந்தில், தரைக்குக் கீழே ஈரம் ஊறும் அறையில் இரண்டு குளிர்காலம் கிடந்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டான். மருந்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வெயிலில் உட்கார வையுங்கள் என்றார் டாக்டர். வெயிலுக்காகவும் காற்றுக்காகவும் அரசாங்கமே கட்டிய ஊரில் அக்கா இருக்கும்போது, தம்பியை வேறெங்கே கொண்டுபோவது? ஆனால் வீடு எனக்கும் ஆர்ச்சிக்கும் மட்டும்தான். வெளியாளைத் தங்கவைத்தால் காலி செய்ய வேண்டியதுதான். ஊரே வரிசையில் நிற்க, அரசாங்க ஆட்கள் வீடு தேடி வந்து எங்களைக் கேள்வி கேட்டு, படுக்கையைத் தூக்கிப் பார்த்து, அப்புறம் கொடுத்த வீடு. போனால் மூவரும் அந்தச் சந்துக்குத்தான். எமெட் அங்கே இன்னொரு குளிர்காலம் தாங்க மாட்டான்.

மடியில் கனம். வழியெல்லாம் பயம்.

ஏப்ரல் 24

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக் கூட்டம். பேருந்து பேருந்தாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மிருகக்காட்சி சாலையில் இருப்பவர்களுக்காவது சாப்பாடு இலவசம்.

இந்த ஊரை வரைந்தவர்களில் ஒருவரான ப்ளைன் என்பவர் புல்வெளியில் நின்று விளக்கினார். நான் ஜன்னலோரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டின் முதுகு சாலைக்கு, முகம் பசுமைக்கு. கார் ஒரு வழி, கால் ஒரு வழி. பெரிய ஜன்னல்கள். வேலி கிடையாது. "பழைய நகரத்துல பக்கத்து வீட்டுக்காரன் செத்தாக்கூடத் தெரியாது. இங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்காம இருக்கவே முடியாது. அதுக்குன்னே போட்ட பாதை இது," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்குச் சூடேற்றும் கொதிகலன் அறைக்குள் எமெட் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு இருமலை அடக்கிக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 27

எமெட்டின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருக்கிறது. மாடி ஜன்னலில் முழங்காலில் வெயிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "அக்கா, இந்த வெயிலைக் கட்டினவன் நல்ல கொத்தனார்," என்கிறான். திரையைப் பாதி இழுத்தேன். ஓபலின் ஜன்னல் எதிரேதான்.

ஏப்ரல் 29

ஓபல் மத்தியானம் எங்கே போகிறாள்? தினமும் பேருந்து ஏறுகிறாள், ஐந்து மணி வண்டியில் திரும்புகிறாள். இன்று பாதையில் எதிர்ப்பட்டாள். கழுத்துப் பட்டியில் குண்டூசிகள் குத்தியிருந்தன, தோளில் தொப்பி தைக்கும் துணியின் தூசி. வேலைக்குப் போகிறாள்! புருஷனுக்கு வேலை இருந்தால் மனைவி வேலைக்குப் போகக் கூடாது என்பதும் இந்த ஊர்ச் சட்டம்தான். புருஷன் லூதர் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கிறான்.

எனக்கென்ன. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

மே 2

எழுத்து கோணலாக வருகிறது.

துணி போட்டுவிட்டு எமெட்டுக்குக் கஞ்சி கொடுக்க மாடிக்குப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன் — ஓபல் என் கொடியடியில் நிற்கிறாள். நான் போர்த்தி வைத்த போர்வையைத் தூக்கினாள், எமெட்டின் கால்சட்டையை உருவினாள், சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டாள். நான் கீழே இறங்குவதற்குள் சாலை முனையில் ஹார்ட்விக் அம்மாவின் கார்! வீடு ஒதுக்கும் அலுவலகத்திலிருந்து வீடு வீடாகப் பார்க்க வருகிறவள். நேராக ஓபல் வீட்டுக்குள் போனாள். ரொம்ப நேரம். காபி வாசனை இங்கே வரை வந்தது.

அப்புறம் என் வீட்டுக்கு வந்தாள். எமெட் கீழே கொதிகலனுக்குப் பின்னால். ஹார்ட்விக் அம்மா கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். எல்லாம் சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது. சாட்சிதான் கையில் இருக்கிறதே, என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

பாவி! என் வீட்டுத் துணியையே எடுத்துக் கொடுத்துவிட்டாளே! என்ன பண்ணினேன் இவளுக்கு நான்?

மே 3

போனேன். ஆர்ச்சியிடம் சொல்லவில்லை.

அவள் சொன்னது எடுபடக் கூடாதென்றால் அவள் யோக்கியதை முதலில் தெரிய வேண்டும். ஹார்ட்விக் அம்மாவின் மேசை முன் உட்கார்ந்து, பூச்செடி விதை பற்றிப் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னேன்: "ரிட்டர் வீட்டம்மா தினம் மத்தியானம் எங்க போறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

ஒரே ஒரு வார்த்தைதான்.

மே 9

எங்களுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. பலித்துவிட்டது போலிருக்கிறது. எமெட்டின் ஒரே கால்சட்டையை அவள் வைத்திருப்பதால் அவன் ஆர்ச்சியுடையதைப் போட்டுக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறான். நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்கப்புறம்.

ஓபல் என்னைக் கண்டால் நின்று எதையோ சொல்ல வருகிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மே 28

ரிட்டர் குடும்பத்துக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. கூட்டுறவுக் கடையில் பேசிக்கொண்டார்கள். யாரோ சொல்லிவிட்டார்களாம். பாலை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஜூன் 30

சாமான் வண்டி காலையிலேயே சாலைப் பக்கம் வந்து நின்றது. நான் எல்லாத் திரையையும் இழுத்துவிட்டு உள்ளே இருந்தேன். தோட்டப் பக்கக் கதவு தட்டப்பட்டது. இந்த ஊரில் அக்கம்பக்கத்தார் யாரும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை, எல்லாரும் சமையலறை வழிதான். யாரோ வெளியாள் என்று திறந்துவிட்டேன்.

ஓபல். கையில் எமெட்டின் கால்சட்டை. தேய்த்து மடித்து, முழங்காலில் இருந்த கிழிசலைக் கண்ணுக்கே தெரியாமல் தைத்திருந்தாள்.

"அன்னிக்குப் பேருந்து நிறுத்தத்துல ஹார்ட்விக் காரைப் பாத்தேன்னு எங்க வீட்டுக்காரர் ஓடி வந்து சொன்னாரு. உங்களைக் கூப்பிட நேரமில்ல. எங்க வீட்டுல தொங்கினா லூதரோடதுன்னு நெனச்சுக்குவாங்கன்னு எடுத்துட்டேன். அந்தம்மா சீக்கிரம் உங்க பக்கம் வந்துடக் கூடாதுன்னு காபி மேல காபியா ஊத்தினேன்," என்றாள்.

கால்சட்டையை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே வந்து கேப்பீங்கன்னு இருந்தேன். வரல. நானா கொண்டுவந்து குடுத்தா தம்பி விஷயம் எனக்குத் தெரியும்னு நீங்க பயந்துடுவீங்கல்ல? மறைச்சு வாழறது எனக்கும் தெரியும் வில்மா. என்னை எவ காட்டிக் குடுத்தாளோ, அவ நல்லா இருக்கட்டும். தம்பியை வெயில்ல வையுங்க."

நான்தான்னு சொல்லியிருக்கணும். சொல்லல. நன்றின்னுகூடச் சொல்லல. கால்சட்டையை வாங்கிட்டுக் கதவைச் சாத்திட்டேன். சாத்திட்டேன்! இந்த நாக்கு அழுகிப்போகட்டும்.

ஜூலை 1

எமெட் கேட்கிறான், எதிர் ஜன்னல் ஏன் இருட்டாக இருக்கிறது என்று.

ஆகஸ்ட் 20

எமெட் போய்விட்டான். நெஞ்சு சுத்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பால்டிமோரில் வேலை, மாடி அறை. அந்தக் கால்சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனான். தையல் யாருடையது என்று அவனிடம் சொல்லவில்லை. ஆர்ச்சியிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 12

திங்கள். ரிட்டர் வீட்டுக்கு வந்திருக்கும் புதியவள் பெயர் போயர். கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றால் அவள் சட்டென்று உள்ளே போய்விடுகிறாள்.

இன்று அவள் கொடியில் குழந்தைத் துணிகளுக்கு நடுவே, விரிப்புக்குப் பின்னால், ஒரு நீளக் கம்பளி உள்ளாடை. முழங்கால் தொய்ந்தது, வயதானவர்கள் குளிருக்குப் போடுகிறது. அந்த வீட்டில் கிழவர் கிடையாது. இருக்கக் கூடாது.

சாலை முனையில் ஹார்ட்விக் அம்மாவின் கார் திரும்பியது.

யோசிக்கவில்லை. போய் விரிப்பைத் தூக்கி, உள்ளாடையை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். நிமிர்ந்தால் ஜன்னலில் அவள். துணி திருடுகிறவளைப் பார்க்கிற பார்வை. பார்க்கட்டும்.

அடுப்பில் காபியை ஏற்றிவிட்டு, ஹார்ட்விக் அம்மாவை முதலில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கையசைத்தேன்.