துறைமுக ஊரில் ஏழு நாள்

மார்ச் 3, செவ்வாய்

எட்டாம் வகுப்புப் புவியியல், மூன்றாம் மெய்ப்பு. ஒரே பக்கத்தில் நான்கு இடத்தில் 'கடற்கரை' 'கடற்கறை' ஆகியிருந்தது. கடலுக்கே கறை பூசிவிட்டாயே என்று தட்டச்சுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். அச்சகத்தில் இன்று நடந்த ஒரே நல்ல விஷயம் அது.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். இவர் முப்பத்தொரு வருடம் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போட்டவர். ஜனவரியில் ஓய்வு பெற்றதிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன வாரம் என் சமையலுக்கு அட்டவணை போட்டார். இன்று ஜப்பானுக்கு.

"மே ஒண்ணுலேருந்து ஏழு வரைக்கும். போவோமா?"

ஒரு துறைமுக நகரம். பழைய செங்கல் கிடங்குகளுக்குள் கடைகள், கடலை ஒட்டிப் பூங்கா, ராட்சத ராட்டினம், காகித விளக்குகள் தொங்கும் சீனக் கடைத்தெரு. எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்பது வரை எழுதியிருந்தார். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்தத் துறைமுகத்திலிருந்து ரயிலில் இரண்டாவது நிலையத்தில் எங்கள் மகள் வீடு.

அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "போவோம்" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

"குட்டிகிட்ட சொல்லணும்ல?" என்று காலையில் கேட்டேன்.

"நீயே எழுது. உனக்குத்தானே எழுத்து வேலை."

நழுவிவிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதியதில்லை.

மூன்று வருடம் முன்பு குட்டிக்கு ஆறாவது மாதம். ரத்தம் படுகிறது, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன் பண்ணினாள். "அம்மா, நீ வந்து பக்கத்துல இரேன்." அவ்வளவுதான் கேட்டாள். அப்போது பள்ளி திறக்கும் சமயம், ஏழு புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். "வேலை அதிகம்டா, பன்னிரண்டு நாள் பொறுத்துக்கோ, ஓடி வந்துடறேன்" என்றேன். ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று அழைத்துச் சொன்னபோது, "இப்ப எதுக்கு?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. வழி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுபோல.

அதன்பிறகு பிறந்தநாளுக்கு ஒரு வரி. 'நன்றி.' அதில் எழுத்துப் பிழையே இருக்காது.

அந்த ஏழு புத்தகத்தில் எது என்ன பாடம் என்று இன்று எனக்கு நினைவில்லை.

மார்ச் 14, சனி

மகளுக்கு ஒரு செய்தி எழுத ஒரு நாள் போயிற்று.

'உன்னைப் பார்க்க வருகிறோம்' – வராதே என்று சொல்லிவிட்டால்?
'ஊர் சுற்றிப் பார்க்க வருகிறோம்' – பொய்.
'மன்னித்துவிடு' – இதை போனிலா?

கடைசியில் அனுப்பியது: 'குட்டி, மே முதல் வாரம் அப்பாவும் நானும் உங்க ஊருக்கு வரோம். ஹோட்டலில்தான் தங்குறோம். உனக்கு எப்ப முடியுமோ அப்ப பார்க்கலாம்.'

ஹோட்டலில்தான். அந்தத் 'தான்' வேண்டியிருந்ததா? அனுப்பிய பிறகுதான் இதெல்லாம் கண்ணில் படும்.

மார்ச் 15, ஞாயிறு

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மார்ச் 19, வியாழன்

இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

இவர் மாப்பிள்ளைக்கு போன் போட்டார். மாதம் ஒரு முறை இருவரும் பேசுவதுண்டு, பெரும்பாலும் மழை வெயில் பற்றி. நான் துணி மடிப்பதுபோல் பக்கத்தில் நின்றேன்.

"படிச்சா மாமா. ரெண்டு மூணு தடவை படிச்சா. நான் ஏதாவது சொல்லப் போனா எழுந்து போயிடறா."

ரெண்டு மூணு தடவை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மார்ச் 27, வெள்ளி

பதில் வந்தது. 'அந்த வாரம் எனக்கு வேலை அதிகம். நீங்க ஊரைச் சுத்திப் பாருங்க.'

ஒன்பது சொல். அம்மா என்ற சொல் இல்லை. 'வேலை அதிகம்' என் சொல். எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வராதீங்கன்னு சொல்லலையே" என்றார். சொல்லவில்லைதான்.

ஏப்ரல் 6, திங்கள்

விசா வந்துவிட்டது. அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. "அக்காவுக்கென்ன, மக வீட்ல ராணி மாதிரி இருந்துட்டு வருவாங்க" என்றாள் தட்டச்சுப் பெண். "ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 12, ஞாயிறு

சண்டை. கப்பல் அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரமா, ஒன்றே முக்காலா என்று என்னிடம் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"கப்பலைப் பாக்கவா போறோம்? பெத்த பொண்ணு ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கா, நீங்க ராட்டினத்துக்கு டைம் போடறீங்க. வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்கு வேற என்னடி பண்ணத் தெரியும்? பஸ் எத்தனை மணிக்கு வரும்னு எழுதத் தெரியும். ஆள் ஏறுவாங்களா மாட்டாங்களான்னு எழுதத் தெரியாது."

ஒன்றே முக்கால் என்று நானே எழுதி வைத்தேன்.

ஏப்ரல் 29, புதன்

பெட்டி கட்டியாயிற்று. அவளுக்கென்று எதை எடுத்து வைத்தாலும் கையூட்டு மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன்.

மே 1, வெள்ளி

வந்து சேர்ந்தோம். ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறக்க முடியாது, ஆனால் துறைமுகம் முழுதும் தெரிகிறது. கப்பல்கள், பாலம், பளிச்சென்று வெயில். கீழே திருவிழாக் கூட்டம்போல் ஜனம்.

சாவி கொடுத்த பெண் நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள்: நாளையிலிருந்து ஐந்து நாள் நாட்டுக்கே விடுமுறை, எங்கும் கூட்டமாக இருக்கும், பார்த்துப் போங்கள்.

விடுமுறை. வேலை அதிகம் என்றாளே.

இவரைப் பார்த்தேன். பெட்டியின் பூட்டை நோண்டிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"லீவு வாரம்னு பாத்துத்தான் தேதியே போட்டேன்" என்றார், பூட்டிடம்.

மே 2, சனி

ராட்டினம். மேலே போனபோது இவர் விரலை நீட்டி, "அந்தப் பக்கமா இருக்கும்" என்றார். ஆயிரம் கூரைகள். ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டேன்.

மே 3, ஞாயிறு

செங்கல் கிடங்கு. கால் வலி. போன் ஒலிக்கவில்லை.

மே 4, திங்கள்

பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு குடும்பம் கடற்பறவைகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. "அத்தை" என்று குரல். மாப்பிள்ளை. இவர்தான் எங்கிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை இளைத்துவிட்டார்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மறுபடி குழந்தைக்காகச் சிகிச்சை. இது மூன்றாவது தடவை. முந்தைய இரண்டிலும் கரு நிற்கவில்லை. தினமும் காலையில் வயிற்றில் ஊசி, அவளே போட்டுக்கொள்கிறாள்.

மூன்றாவது. இரண்டு தடவை நடந்து முடிந்திருக்கிறது, நான் ஊரில் ஒற்றெழுத்துத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. என்னால முடியலை அத்தை. நாளைக்குக் காலையில வாங்க."

"அவளுக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். திட்டினா என்னைத்தானே திட்டுவா."

மே 5, செவ்வாய்

மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. இவர் ஒவ்வொரு தளத்திலும் நின்றார். மூச்சு வாங்கவில்லை, பயம்.

அவள்தான் கதவைத் திறந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். ஒரு கணம் எங்கள் செருப்பைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி, "உள்ள வாங்க" என்றாள்.

இரண்டே அறை. மேசை மேல் ஒரு காலண்டர், சில கட்டங்களில் பென்சில் புள்ளி. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்ததை ஆரம்பித்தேன். "குட்டி, அன்னிக்கு நான்..."

"அது வேண்டாம்மா. அதைப் பேசினா என்னால இன்னிக்கு முடியாது."

நிறுத்திக்கொண்டேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மா என்றிருக்கிறாள், அதுவும் வாயை மூடச் சொல்ல.

ஒன்பது மணிக்குக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தாள். ஆண்கள் இருவரும் பால்கனிக்குப் போய்விட்டார்கள். "நான் போடட்டுமா?" என்றேன்.

"உனக்குத் தெரியாது."

தெரியாதுதான். எழுந்து நின்றேன், எங்கே நிற்பது என்று புரியவில்லை. அவள் சட்டையைத் தூக்கினாள். வயிறெங்கும் சின்னச் சின்ன நீலம், பழையது, புதியது. என் கண் தானாக வேறு பக்கம் திரும்பியது.

"இங்க வந்து உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். பார்த்தேன். அவள் ஊசியை நேராக இறக்கி, மெதுவாக அழுத்தினாள். முடிந்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "நாளைக்கும் ஒன்பது மணிக்குத்தான்" என்றாள்.

"வரேன். எத்தனை நாளைக்கு?"

"இன்னும் எட்டு நாள்."

எங்கள் விமானம் ஏழாம் தேதி. சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும், அவளும் சொல்லவில்லை.

ஹோட்டலுக்கு வந்ததும், இன்னும் எட்டு நாள் ஊசி என்று இவரிடம் சொன்னேன். அட்டவணையை மடித்துப் பையில் வைத்தார், விமான நிறுவனத்துக்கு போன் போட்டார். விடுமுறை வாரம், தேதி மாற்றுவது கஷ்டம், காத்திருங்கள் என்கிறார்களாம். நாற்பது நிமிடமாகக் காத்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், துறைமுகத்தில் இன்றும் கூட்டம். இவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.