பழைய அருவி மேட்டில் பின்பக்கமாக ஏறிய ஃபோர்டு

உ

மேலகரம்,
வெகுதானிய வருஷம், ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி வல்லிநாயகத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அப்பாவும் பசுவும் கன்றும், பசுவுக்குப் பக்கத்தில் தொழுவத்தில் நிற்கிற ஃபோர்டு காரும் சுகம். பினாங்கில் நீயும் இராமலட்சுமியும் என் பேத்தியும் சுகமாக இருக்கக் குழல்வாய்மொழி அம்மன் பார்த்துக்கொள்வாள். இந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருக்கிறது. துணி காய மாட்டேன் என்கிறது, வடகம் போட வழியில்லை, ஆனாலும் ஊரே குளிர்ந்து கிடக்கிறது. குழந்தைக்குச் சளி பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய். கடல்காற்றில் கொண்டுபோய் உட்காரவைக்காதே, கற்பூரவள்ளி கிடைத்தால் வாட்டிச் சாறு எடுத்துக் கொடுக்கச் சொல், இல்லாவிட்டால் வெற்றிலைச் சாறு போதும். அப்பா வாங்கின பழைய கார் என்ன ஆயிற்று என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அதற்குத்தான் இவ்வளவு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாவகாசமாகப் படி, நடுவில் என்னைத் திட்டாதே, முழுக்கப் படித்த பிறகு திட்டிக்கொள்.

தாலுகா ஆபீஸில் பென்ஷன் வாங்கி வந்த நாள் முதலாக உன் அப்பா இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. உனக்கு எழுதினால் அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாய் என்று நான்தான் எழுதவில்லை. காலையில் காபியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடுகிற வரைக்கும் அதே சுவர்தான். பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது. எனக்குப் பயமாகவே இருந்தது. அப்படி இருந்த மனுஷர், செங்கோட்டையில் ஒரு எஸ்டேட் துரை கோழி அடைத்துவைத்திருந்த காரைக் கூட்டாளிகளோடு போய் வாங்கி, மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார் பார், அன்றைக்குத்தான் அவர் முகத்தில் மறுபடி களை வந்தது. கூட்டாளிகள் யார் என்றால் ஒருவர் நம் ஜவுளிக்கடை நாறும்பூநாதன் அண்ணாச்சி, இன்னொருவர் மிஷன் பள்ளிக்கூடத்து ஞானாபரணம் வாத்தியார். வயதான காலத்தில் மூன்று பேருக்கும் அப்படி ஒரு பைத்தியம். அமெரிக்காவில் எவனோ செய்த வண்டியை இங்கே இவர்கள் பெற்ற பிள்ளை மாதிரி குளிப்பாட்டுகிறார்கள். வாத்தியார் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பார், அப்பா திருகுவார், அண்ணாச்சி குற்றம் சொல்லுவார். சக்கரத்துக்கு மர ஆரக்கால், அது வெயிலில் காய்ந்து ஆட்டம் கண்டுவிட்டது என்று கழற்றி, மாட்டுவண்டிச் சக்கரத்தைப் போடுகிற மாதிரி வாய்க்காலில் ஊறப்போட்டார்கள். மேல்கூடாரத்துக்குத் தென்காசி ஜாஹிரா பீவி தார்ப்பாய்த் துணியில் அழகாகத் தைத்துக் கொடுத்தாள். சாரல் ஈரத்தில் நெருப்புப் பொறி வரவில்லை என்று, தேனீ மாதிரி ரீங்காரம் போடுகிற மரப்பெட்டி ஒன்றைக் கழற்றிக்கொண்டுவந்து என் அடுப்புமேடையில் காயவைத்தார்கள். ஒரு பக்கம் ரசம் கொதிக்கிறது, ஒரு பக்கம் கார்ப்பெட்டி காய்கிறது. நான் சத்தம் போட்டுப் பார்த்தேன், கேட்டால்தானே.

இதில் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று சொல்லுகிறேன். சாயங்காலம் ஆனால் வண்டியைத் தொழுவத்திலிருந்து தென்னந்தோப்புக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஸ்டீரிங் பிடிக்க ஒரு ஆள் உட்கார வேண்டும். மூன்று பேரில் யார் உட்கார்ந்தாலும் மிச்சம் இரண்டு பேரால் தள்ள முடியவில்லை, உடனே சண்டை. அப்புறம் அண்ணாச்சிதான், தங்கச்சி நீ ஏறி உக்காரு, நீதான் கனம் கம்மி என்று சொன்னார். சிரித்துக்கொண்டே ஏறினேன். தள்ளுகிறபோது திருப்பினேன். அப்புறம் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றுகிறபோது உள்ளே இருந்து இந்தக் கம்பியை ஏற்று, அந்தக் கம்பியை இறக்கு என்றார்கள், செய்தேன். எஞ்சின் உயிர் வந்து நடுங்குகிறபோது யாரும் ஏறி வருவதற்குள் நானே தோப்பை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்து நிறுத்துவேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லையடா. காலுக்கு மூன்று மிதி, இடது மிதி முன்னால் போக, நடு மிதி பின்னால் போக, வலது மிதி நிற்க. வேகம் காலில் இல்லை, ஸ்டீரிங்குக்குக் கீழே விரலால் இழுக்கிற சின்னக் கம்பியில். திரியைத் தூண்டுகிற மாதிரி தூண்டினால் போதும். இதற்கு வண்டி ஓட்டுவது என்று பெயர் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தள்ளுவதற்கு ஒத்தாசை என்றுதான் நினைத்திருந்தோம்.

செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம் அல்லவா, வண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் நம் ஜில்லா நம்பர் வாங்காமல் ரோட்டில் இறக்கக்கூடாதாம். மூன்று பேரும் சட்டத்துக்குப் பயந்தவர்கள். துரையிடம் முறையாக எழுதி வாங்கினார்கள், பிரேக்குக்குப் புதுப் பட்டை போட்டார்கள், விளக்கு, ஹாரன் ஒன்று விடவில்லை. சீசனுக்குக் குற்றாலத்தில் முகாம் போட்டிருந்த மோட்டார் இன்ஸ்பெக்டர் நம் வீட்டுக்கே வந்து பார்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷர், நல்ல மாதிரி. அடியில் குனிந்து பார்த்தார், எஞ்சின் நம்பரைத் தடவிப் பார்த்தார், இவ்வளவு பழைய வண்டியை இவ்வளவு சுத்தமாக எங்கேயும் கண்டதில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். இவர்கள் மூன்று பேருக்கும் மாப்பிள்ளைக் கோலம்தான். பிறகு அவர், சரி, ரோட்டில் ஓட்டிக் காட்டுங்கள், யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டார். அப்பா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். கொழும்பில் கார் ஓட்டினதாக அண்ணாச்சி அடிக்கடி பீற்றுவதால் அவரிடம் இருக்கும் என்று அப்பா நினைத்திருந்தார். முதலாளி காரில் பக்கத்தில் உட்கார்ந்து போனதைத்தான் அண்ணாச்சி அப்படிச் சொல்லியிருக்கிறார். இங்கிலீஷ் புத்தகம் வாசிக்கிறவர் வாங்காமலா இருப்பார் என்று அண்ணாச்சி நினைப்பு. சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் வாங்காமலா இருப்பார் என்று வாத்தியார் நினைப்பு. வண்டிக்கு வேண்டிய சட்டம் அத்தனையும் பார்த்தார்களே, ஓட்டுகிற ஆளுக்குச் சட்டம் வேண்டும் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நான் அடுக்களைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் அன்றைக்கே அந்தச் சிரிப்பு போய்விட்டது. இன்ஸ்பெக்டர் மனமிரங்கி, உங்களில் யாராவது இப்போதே பரீட்சை கொடுங்கள் என்றார். அப்பா முந்திக்கொண்டு போனார். ரோட்டில் தூரத்தில் ஒரு பஸ் நின்றது, அதன் நம்பரைப் படிக்கச் சொன்னார். அப்பா கடகடவென்று சொன்னார். அது நம் தென்காசி பஸ்ஸின் நம்பர், நின்றதோ அம்பாசமுத்திரம் பஸ். இன்ஸ்பெக்டர் ஒன்றும் கேலி செய்யவில்லை, ஐயா, முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்று தோளில் கைவைத்துச் சொன்னார். கண்ணில் புரை விழுந்திருப்பது அப்பாவுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது வல்லி, நம்மிடம் மறைத்திருக்கிறார். முகாம் முடிவதற்குள் லைசென்ஸோடு ஒரு ஆள் ஓட்டிக் காட்டாவிட்டால் வண்டி தொழுவத்திலேயே நிற்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். உன் அப்பா உள்ளே வந்து மறுபடி அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சோறு வேண்டாம் என்றார். கார் போனால் போகட்டும், இந்த மனுஷரை மறுபடி யார் எழுப்புவது? மறுநாள் தென்காசியிலிருந்து ஒரு வாடகைக்கார் டிரைவரைக் கூட்டிவந்தார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, இதுல கியர்க் கம்பே இல்லியே ஆச்சி, எனக்கு வேண்டாம் இந்த வம்பு என்று போய்விட்டார். அண்ணாச்சிக்குக் கை நடுக்கம். வாத்தியார் துணிந்து ஏறினார், நிறுத்துகிற மிதி என்று நடு மிதியை அழுத்தினார், வண்டி விருட்டென்று பின்னால் போய் வைக்கோற்போருக்குள் பாதி புதைந்தது. தங்கபுஷ்பம் ஓடிவந்து தன் புருஷனைப் பிடித்து இறக்கி, இனிமே இந்தப் பக்கம் வாங்க பாப்போம் என்று கூட்டிக்கொண்டு போனாள்.

வண்டியை வைக்கோலுக்குள் அப்படியே விடவா முடியும்? மழை வேறு தூறுகிறது. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி, அண்ணாச்சியைக் கைப்பிடி சுற்றச் சொல்லி, வெளியே எடுத்து, முற்றத்தைச் சுற்றித் தொழுவத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். எஞ்சின் சத்தம் இவ்வளவு சீரா கேக்குதே, யார் ஓட்டுதா என்று கேட்டார். உம்ம வீட்டம்மாதான் வே, வேற யாரு, நாமதான் இம்புட்டு நாளும் தள்ளிட்டுக் கெடந்தோம் என்றார் அண்ணாச்சி. ராத்திரி சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, நீ போய் லைசென்ஸ் எடு ஆவுடை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேத்தி எடுத்தவள் நடுரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போனால் மேலகரத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா, கோயில் வாசலில் பிச்சம்மாளே போதுமே, ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாளே என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. பேசுதவங்க வந்து என் கண்ணைத் தரப்போறதில்ல, உன் கண்ணு நல்லா இருக்கு, அது போதும் எனக்கு என்றார். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அவரை மறுபடி சுவரிடம் விட்டுவிடுவதா என்று யோசித்துப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுதான் பரீட்சை. இன்ஸ்பெக்டர் என்னைக் கண்டு திகைத்துப்போனார். ஆனால் பெண்பிள்ளை ஓட்டக்கூடாது என்று சட்டத்தில் இல்லை என்று அவரே சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்தில் ஏறினார். பின்னால் ஒரு ஆள்தான் வரலாம் என்றார், மூன்று பேரும் அடித்துக்கொண்டதில் அப்பா ஏறிவிட்டார். குற்றாலத்துக் கடைத்தெருவில் ஈரச்சேலையோடு வந்த பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருத்தி, ஏட்டி இங்க பாரு, பொம்பள ஓட்டிட்டுப் போறா என்று கூவினாள். அத்தனை பேர் பார்வைக்கு நடுவிலும் நான் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்கவில்லை. பழைய அருவிக்குப் போகிற மேட்டில்தான் வினை வந்தது. பாதி ஏறும்போது எஞ்சின் இருமி, விக்கி, நின்றேவிட்டது. அண்ணாச்சி கஞ்சத்தனம் பண்ணிப் பெட்ரோலைக் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறார். இன்ஸ்பெக்டர், அவ்வளவுதானா அம்மா என்றார். பின்னாலிருந்து உன் அப்பா, பயப்படாத ஆவுடை, பெட்ரோல் தொட்டி நீ உக்காந்திருக்க சீட்டுக்குக் கீழ இருக்கு, முன்பக்கம் தூக்கி நிக்கதால எஞ்சினுக்கு வடியல, வண்டியத் திருப்பிட்டுப் பின்பக்கமாவே ஏத்து, தானா வடியும் என்றார். எஞ்சினின் இருமலைக் கேட்டே சொல்லிவிட்டார். இறக்கத்தில் உருளவிட்டு மெல்லத் திருப்பினேன், இன்ஸ்பெக்டரே இறங்கிக் கைப்பிடி சுற்றிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். நடு மிதியை அழுத்தினேன், வண்டி அடக்கமாகப் பின்பக்கமாகவே மேடு ஏறியது. பாதையைப் பார்க்க நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும், பின்னால் என்னைப் பார்த்தபடி உன் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அந்த மேடு முழுவதும் பாதையையும் அவர் முகத்தையும் பார்த்துக்கொண்டேதான் ஏறினேன். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. மேலே போனதும் இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை என்று சொல்லி, வண்டிக்கும் நம்பர் கொடுத்தார், எனக்கும் லைசென்ஸ் கொடுத்தார்.

இனி நீ செய்ய வேண்டியது. அப்பாவுக்குத் தனியாக எழுதும்போது எழுத்தைப் பெரிதாகப் போட்டு எழுது. உன் கடிதத்தை அவர் வெளிச்சத்தில் கொண்டுபோய் மூக்கோடு வைத்துக்கொண்டு கஷ்டப்படுவது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. பாளையங்கோட்டையில் கண்ணுக்குக் கத்தி வைத்துப் புரையை எடுக்கிறார்களாம், சாரல் ஓய்ந்ததும் நானே காரில் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், நீ கவலைப்பட்டு லீவு கேட்காதே. மாமியார் கார் ஓட்டுகிறாள் என்று இராமலட்சுமி வெட்கப்பட்டால் அவளுக்கும் சொல்லிக்கொடுப்பதாகச் சொல். குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். இன்னும் எழுதலாம், ஆனால் உன் அப்பா காரில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அமுக்கி அமுக்கி என்னைக் கூப்பிடுகிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து, புறப்படு, இன்ன ஊருக்குப் போகிறோம் என்று அவர் சொல்லுவார், நான் புறப்படுவேன். இன்றைக்குக் காலையில் என்னிடம் வந்து நின்று, எங்க போவோம் ஆவுடை, நீயே சொல்லு என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஒரு ஊரும் வாயில் வரவில்லை, வண்டியில் ஏறிய பிறகு சொல்லுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா
ஆவுடையம்மாள்