மகளிர் தகவல் மையம்

15 ஜூன் 1998

போர்டு வந்துவிட்டது. நான் எழுதிக் கொடுத்தது 'மகளிர் மையம்'. பெயிண்டர் சுருளியாண்டி எழுதி வந்திருப்பது 'மகளிர் தகவல் மையம்'. இரண்டு ஓரத்திலும் தாமரை, மேலே கும்பிடும் கை, கீழே 'வருக'. கம்பம் மெயின் ரோட்டிலிருக்கும் திருமணத் தகவல் மையத்துக்கும் இவர்தான் எழுதினாராம். கை பழகின தடத்தில் போயிருக்கிறது.

"தகவல் எங்கிருந்து வந்துச்சு?" என்றேன்.

"வெறும் மையம்னா மொட்டையா நிக்கிதுங்கம்மா. உள்ள என்ன கெடைக்கும்னு வர்றவுகளுக்குத் தெரிய வேணாமா?"

நியாயமான கேள்வி. பல்கலைக்கழகத்துக்கே இன்னும் பதில் தெரியாது. போர்டை மாட்டச் சொன்னேன்.

நான் இங்கே வந்த விதத்தையும் எழுதி வைக்கிறேன், பின்னால் மறதி வந்தால் உதவும். துணைவேந்தர் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். என்னிடம் மதிப்புரை கேட்டார்கள். எளிய தமிழில் எழுதியது என் தவறு, அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த மாதமே உத்தமபாளையத்துக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் விரிவாக்க வளாகத்தில், மகளிர் மையத்தின் இயக்குநர் ஆனேன். ஆணையில் இதைப் பதவி உயர்வு என்று குறிப்பிட்டிருக்கிறார்கள்.

என்னோடு மூன்று பேர். ஆராய்ச்சி உதவியாளர் பாஜிலா, உள்ளூர்ப் பெண். பொய் சொல்லவே வராது. ஆய்வுக்கு நல்லது, அலுவலகத்துக்கு ஆபத்து. அலுவலக உதவியாளர் கருத்தம்மாள், சின்னமனூர். அவர் ரகசியம் பேசினால் மேகமலையில் கேட்கும். தட்டச்சர் கர்ணன், மையத்தின் ஒரே ஆண். 'மேற்படி' சேர்க்காமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

இவர்களை வைத்துக்கொண்டு பெண் விடுதலை.

17 ஜூன்

முதல் ஜாதகம் வந்தது.

6 ஜூலை

இதுவரை வந்தவர்களில் ஒருவர்கூடப் பெண்ணியம் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் நட்சத்திரம்தான் கேட்கிறார்கள். "இது அந்த மையமில்லை" என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். கருத்தம்மாள் தலையாட்டினார். ஆனால் நாலு பெண்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வெயில்ல நடந்து வந்த பொம்பளைய வாசல்லயே போன்னு சொன்னா நல்லாவா இருக்கு? குடிச்சிட்டுப் போகட்டும் மேடம்."

குடித்துவிட்டு அவர்கள் போவதில்லை, பேசுகிறார்கள். மகளுக்கு வரன் தேடி வந்தவர் அரை மணி நேரத்தில் தன் புருஷனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். பாஜிலா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். இன்று ஒருவரை அழைத்துக்கொண்டு வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறாள். ஆண்டறிக்கையில் இதை எந்தத் தலைப்பின் கீழ் போடுவது?

'தகவல்' என்று போடலாமோ.

10 ஆகஸ்ட்

முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு ஜன்னத்துல் பிர்தௌஸ் வந்தாள். காமயகவுண்டன்பட்டி. போன வருடம் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து நாலு பெண்கள் சேர்ந்தார்கள். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். இவள் நாலாவது.

லேப் ஐந்து மணிக்கு முடிகிறது. அவள் ஊருக்கு டவுன் பஸ் நாலு ஐம்பதுக்குப் போய்விடும். அடுத்தது ஏழேகாலுக்குத்தான். இதுவரை அவள் அத்தா அப்துல் ஜலீல் மொபெட்டில் வந்து கூட்டிப் போனார். போன வாரம் தேங்காய் லோடு இறக்கும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டது.

"அப்ப லேப்?"

"நாலே முக்காலுக்கே ஓடியாந்துர்றேன் மேடம். நேத்து டைட்ரேஷன் பாதியில விட்டுட்டு வந்தேன். சார் மார்க் போட மாட்டேன்னுட்டாரு."

லேப் நேரத்தை மாற்ற மெயின் கேம்பஸ் அனுமதி வேண்டுமாம். கேட்டால் தருவார்கள், அவளுடைய பேத்தி சேரும் வருடத்தில்.

12 ஆகஸ்ட்

பாஜிலாவும் நானும் ஜலீல் வீட்டுக்குப் போனோம். வில்லனைப் பார்க்கப் போவதாக நினைத்து பஸ்ஸிலேயே வசனம் தயார் செய்துகொண்டு போனேன். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு மகளின் கெமிஸ்ட்ரி ரெக்கார்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள படிக்க வேணாம்னு நாஞ் சொல்லுவேனா மேடம்? ஏழேகாலு பஸ்ஸு ஊர் வந்து சேர எட்டாகும். ஸ்டாப்புலருந்து தோப்புக்குள்ள அரை மைலு நடக்கணும். கூட ஒரு ஆளில்ல. நீங்களே சொல்லுங்க, அனுப்புவீகளா?"

வசனம் எதுவும் உபயோகப்படவில்லை. ஒரு டம்ளர் டீயும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

3 செப்டம்பர்

பஸ்ஸை ஐந்து இருபதுக்கு மாற்றச் சொல்லி டிப்போவுக்கு மனு. கர்ணன் தட்டச்சு செய்தார். 'மேற்படி பேருந்தானது மேற்படி நேரத்தில் மேற்படி வளாகத்தை' என்று தொடங்குகிறது. படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

மேனேஜர் சங்கரலிங்கம் மரியாதையானவர். நாற்காலி போட்டார்.

"ஒரு புள்ளைக்காக டைம் மாத்த முடியுங்களா மேடம்? நாலஞ்சு பேரு ஏறுனாலாவது பாக்கலாம்."

"அந்த நாலஞ்சு பேரும் பஸ் இல்லாமத்தான் நின்னுட்டாங்க."

"அதான் சொல்றேன், ஆளே இல்லையே."

தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

21 செப்டம்பர்

இரண்டாவது மனுவுக்குப் பதில்: முதல் மனு பரிசீலனையில் உள்ளது.

1 அக்டோபர்

பிர்தௌஸின் லேப் வருகை குறைந்துகொண்டே வருகிறது. தீபாவளி விடுமுறை முடிந்து ஒழுங்காக வராவிட்டால் ஏப்ரலில் செய்முறைத் தேர்வுக்கு அனுமதி கிடையாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள்.

இன்று வந்து தன் வெள்ளைக் கோட்டை மடித்து என் மேஜை மேல் வைத்தாள். "இனி யாராச்சும் புதுசா சேந்தா குடுங்க மேடம். நல்லாத்தான் இருக்கு, கிழியல." லீவு வரைக்கும் வகுப்புக்கு மட்டும் வருவாளாம். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

இருபது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன். ஒரு பஸ்ஸ அரை மணி நேரம் நிறுத்த முடியல. எதுக்கு இந்த ரூம், போர்டு, தாமரை?

கோட்டைக் கருத்தம்மாள் எடுத்து பீரோவில் வைத்தார். "யாருக்கும் குடுக்கக் கூடாது. அதுக்கு ஆளு இருக்கு" என்றார்.

8 அக்டோபர்

டிப்போ மேனேஜரின் மனைவி முனீஸ்வரி வந்தார்! எங்கள் மனுவுக்காக அல்ல, கையில் ஜாதகம். மகன் அருண்பாண்டிக்குப் படித்த பெண்ணாக வேண்டுமாம்.

'இது திருமணத் தகவல் மையம் இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். கருத்தம்மாள் முந்திக்கொண்டார்.

"இங்கன பொண்ணுகளுக்கா பஞ்சம்? எல்லாம் எம்மெஸ்ஸி படிக்கிற புள்ளைக. ஆனா எப்பிடிப் பாப்பீக? நாலே முக்காலுக்கே பஸ்ஸுக்கு ஓடிருதுக. நின்னாத்தான மொகம் தெரியும்?"

"அப்பிடியா?" என்றார் முனீஸ்வரி.

"அந்தப் பஸ்ஸு மட்டும் அஞ்சு இருபதுக்கு இருந்துச்சுன்னு வையுங்க, அதுக இந்த பெஞ்சுல வந்து வரிசையா உக்காரும். நீங்க ஆறஅமர பாக்கலாம்."

நான் மறுத்திருக்கலாம். பேனாவுக்கு மை ஊற்ற உள்ளே போய்விட்டேன். பாஜிலா என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

26 அக்டோபர்

தீபாவளி முடிந்து முதல் நாள். நாலு ஐம்பதுக்கு பஸ் வரவில்லை. ஐந்து இருபதுக்கு வந்தது.

பாஜிலா காலையிலேயே காமயகவுண்டன்பட்டிக்கு ஆள் விட்டிருந்தாள். கருத்தம்மாள் பீரோவைத் திறந்து கோட்டை எடுத்துக் கொடுத்தார். பிர்தௌஸ் சாயங்காலம் லேப் முடித்து, கை கழுவி, நடந்து — ஓடாமல் நடந்து — போய் ஏறினாள். கர்ணன் வராந்தாவில் நின்று, "மேற்படி பஸ் வந்துவிட்டது" என்றார். அந்தச் சொல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

29 அக்டோபர்

முனீஸ்வரி தினமும் நாலரைக்கு வந்து பெஞ்சில் உட்காருகிறார். பிர்தௌஸுடனும் முதலாமாண்டுப் பெண்களுடனும் பேசுகிறார். முறுக்கு கொண்டுவருகிறார்.

பாஜிலா என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கவா? பொண்ணுகளக் காட்டித்தான பஸ்ஸு வாங்கியிருக்கோம்?"

பேனாவை மூடி மேஜையில் வைத்தேன்.

"அதுகளுக்கே தெரியாது. பொண்ணு பாக்குறாகன்னு தெரியாமலே முறுக்குத் திங்குதுக."

கருத்தம்மாளிடம் சொன்னேன். "பஸ்ஸு வந்துச்சா இல்லையா? பெறகென்ன?" என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரி. இதில் எனக்குத்தான் சம்பளம் அதிகம், முடிவும் நான்தான் எடுக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால் பஸ் பழையபடி நாலு ஐம்பதுக்குப் போகும். பிர்தௌஸ் வீட்டுக்குப் போவாள். சொல்லாவிட்டால் அந்த போர்டு சொல்கிற மையமாகவே நாங்கள் ஆகிவிடுவோம். இன்று எழுதுவதற்குக் கேலியாக எதுவும் வரவில்லை.

9 நவம்பர்

சொல்லிவிட்டேன்.

முதலில் பிர்தௌஸைக் கூப்பிட்டு நடந்ததை முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "என்னைய முறுக்குக்கா வித்தீக?" என்றாள். சிரித்தாள். பிறகு யோசித்துவிட்டு, "சொல்லிருங்க மேடம். பஸ்ஸு போனாப் போகட்டும். அந்தம்மா நல்லவுக" என்றாள். இழக்கப்போகிறவள் அவள், சொல்லச் சொன்னதும் அவள்தான்.

நாலரைக்கு முனீஸ்வரி வந்ததும் உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். பாஜிலாவும் கருத்தம்மாளும் கதவோரம். கர்ணன் தட்டச்சு செய்வது போல ஒரே எழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். இது திருமணத் தகவல் மையம் இல்லை, போர்டு தவறு, எங்களிடம் வரன் கிடையாது, பஸ்ஸுக்காகச் சொன்னோம், மன்னிக்க வேண்டும் — எல்லாம் சொன்னேன்.

முனீஸ்வரி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் மேடம். வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?"

"எம்மகனுக்கு வைகாசியிலயே நிச்சயம் பண்ணியாச்சு. தையில கல்யாணம். பத்திரிகை தர்றேன், எல்லாரும் வரணும்."

"அப்ப ஜாதகம்?"

"ஜாதகம் இல்லாம வீட்ட விட்டு எப்பிடிக் கெளம்புறது? எங்க போறேன்னு கேப்பாகள்ல. இங்கன வந்தா நாலு பொம்பளைக பேசுதுக, சிரிக்குதுகன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னா. அதான் நானும் பழைய ஜாதகத்த எடுத்துக்கிட்டு வந்தேன்."

பாஜிலா வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப பஸ்?" என்றேன்.

"வந்த அன்னைக்கு வாசல்ல செருப்பக் கழட்டுறேன், பிர்தௌஸு புள்ள ஒரு கால்ல செருப்பு இல்லாம பஸ்ஸுக்கு ஓடுது. அதுவும் கெடைக்கல. பெஞ்சுல உக்காந்து அழுகுது. கேட்டேன், சொல்லுச்சு. பெறகுதான் உள்ள வந்தேன். வீட்டுல அவுக சோத்துக்கு உக்காந்தா பஸ்ஸு, எந்திரிச்சா பஸ்ஸுன்னு நாலு நாளு பேசுனேன். தாங்க முடியாம மாத்திட்டாக." கருத்தம்மாள் பக்கம் திரும்பி, "ஆத்தா, நீ சொன்ன பொய்யும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

ஒரு மாதமாக நாங்கள் ஒரு பெண்ணை ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்து நான் தூங்கவில்லை. ஏமாந்தது மொத்த மையமும். இவ்வளவு சந்தோஷமாக நான் ஏமாந்ததே இல்லை.

பஸ் ஐந்து இருபதுக்கு வந்தது. முறுக்கு நன்றாக இருந்தது.

21 ஏப்ரல் 1999

பிர்தௌஸ் செய்முறைத் தேர்வு முடித்தாள். ஜலீல் தடி ஊன்றி வந்து, மையத்துக்கு ஒரு சாக்குத் தேங்காய் இறக்கினார். அரசு அலுவலகம் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று கர்ணன் விதியை எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தார்.

8 மார்ச் 2001

மெயின் கேம்பஸில் மகளிர் தினக் கருத்தரங்கு. 'கிராமப்புறப் பெண்களை எட்டும் உத்திகள்' பற்றிப் பேசச் சொன்னார்கள். போர்டில் ஒரு பிழை வேண்டும் என்றேன். நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள். மறுபடி அங்கேயே மாற்றித் தருவதாகப் புதிய துணைவேந்தர் சொன்னார். இவர் கவிதை எழுதுவதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

11 ஜூன் 2001

முனீஸ்வரியின் பேரனுக்கு ஒரு வயது. ஜாதகம் கொண்டுவந்திருக்கிறார்.

2 ஜூலை 2003

போர்டு வெளுத்துவிட்டது. சுருளியாண்டி வந்தார். "இந்தத் தடவ 'தகவல்' இல்லாம சரியா எழுதிர்றேம்மா. அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேன்."

நான் வாய் திறப்பதற்குள் பாஜிலா — பொய்யே சொல்லாத பாஜிலா — "தப்பெல்லாம் இல்லண்ணே. அதான் எங்க பேரு" என்றாள்.

14 ஜூலை 2009

பிர்தௌஸ் தேவதானப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. இந்த வாரம் ஊருக்கு வந்திருக்கிறாள். அவள் அத்தா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கர்ணன் ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று ஐந்து இருபது பஸ்ஸுக்கு நின்றேன். இத்தனை வருடத்தில் அந்தப் பஸ்ஸில் நான் ஏறியதே இல்லை, பார்த்ததோடு சரி.

ஏறினால் உள்ளே நகர வழியில்லை. எல்லாம் எங்கள் வளாகத்துப் பெண்கள். மடியில் வெள்ளைக் கோட்டு, ரெக்கார்டு நோட்டு. ஒருத்தி ஜன்னல் கம்பியில் தலை வைத்துத் தூங்குகிறாள். இரண்டு பேர் ஒரு கொய்யாக்காய்க்குச் சண்டை. யாருக்கும் பஸ் வந்ததில் ஆச்சரியம் இல்லை. பஸ் என்றால் வரத்தானே செய்யும்.

"மேடம், எடமில்ல. கம்பியப் பிடிச்சுக்கங்க" என்றார் கண்டக்டர்.

காமயகவுண்டன்பட்டி வரை நின்றுகொண்டே போனேன்.