இறக்கை எனக்கு, கால் உனக்கு

காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் ஒரு படம். ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து நம் ஏரியில், புதிதாகக் கேமரா வாங்கிய ஒருவர் எடுத்தது. பறக்கிற உள்ளான், இறக்கை விரிந்தபடி அப்படியே நிற்கிறது. "இந்த ஏரியில ஊசிவால் உள்ளானை முதல்ல பார்த்தது நீங்கதானாமே மேடம், இது அதுவா?" என்று கேட்டிருந்தார். நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. கேள்வி எனக்கு மட்டும் வந்திருக்கிறது.

கோரை உள்ளானும் ஊசிவால் உள்ளானும் சேற்றில் உட்கார்ந்திருந்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பறந்தால்தான் வித்தியாசம். கோரைக்கு இறக்கையின் பின்னோரம் வெள்ளைக் கோடு இருக்கும். ஊசிவாலுக்கு அது கிடையாது, கால்விரல்களும் வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதுவோ காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பி, கோணல்மாணலாகப் பறந்து, இரண்டு நொடியில் மறைந்துவிடும். பறவை பார்க்கிற நம் குழுவின் பட்டியலில் வருடக்கணக்காக "உள்ளான், எதுவென்று தெரியவில்லை" என்றே இருந்தது. "இதெல்லாம் ஒரு பதிவாடி? பேசாம பேப்பரைக் காலியா விட்டுடலாம்" என்பாய். ஒரே ஆள் இரண்டையும் பார்க்க முடியாது என்று வேலையைப் பிரித்ததும் நீதான். இறக்கை எனக்கு, கால் உனக்கு.

நாலு ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினோம். ஐந்தாவது ஞாயிற்றுக்கு மறுநாள் உன்னை ஆபரேஷனுக்குச் சேர்க்கிறார்கள். "இன்னிக்கு விட்டா எப்பன்னு தெரியாதுடி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். கணுக்காலளவு சேற்றில் அடி அடியாக நடந்தோம். இருமல் வந்ததை அடக்கிக்கொண்டேன்.

உள்ளான் கிளம்பியது. அதே நொடியில் உன் கால் வழுக்கியது. நான் உன்னைப் பார்த்தேன். நீ விழப்போகிற நிலையிலும் பறவையை விடவில்லை.

"கால் நல்லா நீட்டிக்கிட்டிருந்துச்சுடி. இறக்கையில வெள்ளை இருந்துச்சா?"

உன் முகத்தைப் பார்த்தேன். "வெள்ளை இல்லடி" என்றேன்.

மாலையில் தாம்பரத்தில் குழு கூடியபோது, பட்டியல் எழுதுகிற சார் லேசில் விடவில்லை. "இறக்கையைப் பார்த்தது யாரு? நிச்சயமா பார்த்தீங்களா மேடம்?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே வந்தாய். "சார், அவ பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ற ஆளு இல்ல." அவர் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷன் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம், உடம்பு தேறட்டும் என்று. நீ தேறி நாலு வருடம் என்னோடு சுற்றினாய். பெருங்களத்தூர் ஸ்டாப்பில் எத்தனை டீ குடித்திருப்போம். ஒவ்வொரு டீயிலும் சொல்லியிருக்கலாம். நான் கோழை, வேறென்ன சொல்ல. நீ அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் இன்னும் என் கூடவே இருக்கிறது.

படத்தில் வெள்ளை ஓரம் பளிச்சென்று தெரிகிறது. கோரை உள்ளான்தான் என்று அவருக்குப் பதில் போட ஒரு நிமிஷம் ஆனது. அடுத்தது சாருக்கு. நம் பதிவை அடித்துவிடச் சொல்ல உட்கார்ந்தேன். அடித்தால் நீ நிஜமாகவே பார்த்த பாதியும் அதோடு போய்விடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. மத்தியானம் வரை கை ஓடவில்லை.

கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்: "ஊசிவால் என்ற பெயரை எடுத்துவிடுங்கள் சார். கால் வாலைத் தாண்டி இருந்தது, அதைப் பார்த்தவள் அவள். இறக்கையை நான் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."