திரும்பக் கட்டிய கம்பளி

1816 மே 30, வியாழன்

மேட்டு வயலில் மக்காச்சோளம் ஊன்றி முடித்தாயிற்று. இடுப்பு விட்டுப்போய்விட்டது. வெர்மான்ட்டில் மே மாதமே முடியப்போகிறது, மரங்களில் இன்னும் இலை ஒழுங்காக வரவில்லை. சூரியன் மேல் ஏதோ கரும்புள்ளி தெரிகிறதாம். பக்கத்துப் பண்ணை ஜோத்தம் ஒரு கண்ணாடித் துண்டைப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்துவிட்டான். வாங்கிப் பார்த்தேன். இருந்தது, ஈ உட்கார்ந்த மாதிரி. இதற்கு என்ன அர்த்தம், வானத்துக் கணக்கரே, என்று கேட்டான். அவன் வைத்த பெயர்தான். இப்போது ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. நான் தாடையைத் தடவிக்கொண்டு, "ம்ம்… பார்க்கலாம்" என்றேன். அதுவே போதும் என்று போய்விட்டான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊரே புல் அறுக்கக் கிளம்பியபோது, இன்றைக்கு வேண்டாம், ஆலங்கட்டி விழும் என்றேன். விழுந்தது. அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி, அரிவாளைத் தொட மனசில்லை. இது எனக்கும் முழங்காலுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஜூன் 3, திங்கள்

என் மனைவி லவீனாவின் தங்கை கெஸையா வந்திருந்தாள். என் சகலை அமாசா மேற்கே ஒஹையோ பக்கம் நிலம் பார்க்கப் போனவன். ஏப்ரலுக்குப் பிறகு தகவலே இல்லை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு இவள் தனியாக அல்லாடுகிறாள். செம்மறிகள்தான் அவளுக்கு எல்லாம். அந்தக் கம்பளியை நூற்று நெய்து விற்றுத்தான் குளிர்காலத்தை ஓட்ட வேண்டும்.

இப்போதே ரோமம் கத்தரிக்கலாமா என்று கேட்டாள். வழக்கமாக இன்னும் இரண்டு வாரமாவது போகும். ஆனால் வெயில் ஏறிவிட்டது, ஆடுகள் மூச்சு வாங்குகின்றன. "ராத்திரிக் காத்து இன்னும் சில்லுனுதான் இருக்கு, அத்தான்" என்று இழுத்தாள். ஜோத்தமும் இன்னும் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"குளிரெல்லாம் போயாச்சும்மா. கண்ணை மூடிக்கிட்டுக் கத்தரி" என்றேன்.

அவர்கள் நிற்காமல் இருந்திருந்தால், "உனக்குத் தோன்றியபடி செய்" என்றுதான் சொல்லியிருப்பேனோ? போகட்டும். நல்ல வெயில்தானே.

ஜூன் 5, புதன்

அப்பப்பா, என்ன வெயில். கெஸையாவின் ஆடுகள், ஜோத்தமின் ஆடுகள் எல்லாவற்றுக்கும் ரோமம் எடுத்தாயிற்று. கத்தரி பிடித்தவன் நான்தான். கை காய்த்துவிட்டது. மொட்டையடித்த ஆடுகள் துள்ளிக்கொண்டு மலைச் சரிவுக்கு மேயப் போயின. நம்முடையது நாளைக்கு, ஓடையில் கழுவிப் பட்டியில் அடைத்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் இடி. காற்று வடக்கே திரும்பிவிட்டது.

ஜூன் 6

பனி கொட்டுகிறது. ஜூன் மாதம்.

ஜூன் 8, சனி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் கெஸையா வந்து கதவைத் தட்டியபோது அவள் பாவாடை முழங்கால் வரை நனைந்து விறைத்திருந்தது. மலைச் சரிவில் பனி கணுக்கால் அளவு. ஆடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கல்வேலி ஓரத்தில் குவிந்து கிடந்தன. அடியில் கிடந்தவற்றுக்கு உயிர் இல்லை. மேலே கிடந்தவற்றின் தோல் இளஞ்சிவப்பாக நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தரி பட்டுக் கீறிய இடமெல்லாம் தெரிந்தது.

மிச்சத்தை அவள் தொழுவத்துக்கு ஓட்டி வந்தோம். தொழுவத்துப் பலகைகளுக்கு நடுவே காற்று ஊசியாய் இறங்கியது. அப்போதுதான் கெஸையா உள்ளே ஓடிப்போய், கத்தரித்துச் சுருட்டி வைத்திருந்த கம்பளிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் முழுத் துண்டாக, போர்வை மாதிரி இருந்தது. அதைத் திரும்ப ஆட்டின் முதுகில் போர்த்தினோம். அவளுடைய பழைய பாவாடையை நாடா நாடாகக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினோம். கம்பளி நழுவி நழுவி வயிற்றுக்கு அடியில் தொங்கியது. ஆடுகள் பயந்து ஓடின. காலில் சிக்கி விழுந்தன. முந்தின நாள் நானே எடுத்ததை நானே திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். விரல் மரத்து முடிச்சு விழவில்லை. நான் போட்ட முடிச்சை அவிழ்த்து, கெஸையா திரும்பப் போட்டாள்.

இன்று காலை எழுந்து நின்றவை கைவிரலில் அடங்கும். ஜோத்தமுக்கு அதுவும் இல்லை.

என்னுடையவை பட்டியில் நிற்கின்றன. முழுக் கம்பளியோடு, அசைபோட்டுக்கொண்டு.

ஜூன் 9, ஞாயிறு

சபைக் கூடத்துப் படியில் ஜோத்தம் வழிமறித்தான். குரலை உயர்த்தவில்லை.

"எங்க ஆடெல்லாம் அம்மணமா செத்துக் கிடக்கு. ஒன்னோடது மட்டும் கம்பளி போத்திக்கிட்டு நிக்குது. தெரிஞ்சேதானய்யா கத்தரிக்கச் சொன்ன?"

அத்தனை முகமும் திரும்பியது. எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் சொல்லவில்லை. மெதுவாக வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன்? திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிறேன். அவமானத்தில் நாக்கு எழவில்லை என்று லவீனா நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அவளை அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். அதுவல்ல. தெரிந்து கெடுத்தவன் என்றால் அயோக்கியன். தெரியாமல் சொன்னவன் என்றால் வெறும் முட்டாள். அந்த ஒரு நொடியில் எனக்கு அயோக்கியன் என்பது மேலாகப் பட்டது. அவனுக்காவது வானம் தெரிந்திருக்கிறது இல்லையா!

சீ. என்ன ஜென்மம்டா நீ.

ஜூன் 12, புதன்

நல்ல பெட்டை ஆடுகளாகப் பார்த்துப் பாதியைப் பிரித்து கெஸையா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்தினாள். இதை நான் கட்டி வைத்தால், ஊரைக் கெடுத்ததில் பங்கு வாங்கிக்கொண்டாள் என்று ஊர் பேசும் என்றாள். பிறகு நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா, அத்தான்?"

"அது… அப்படியில்லம்மா" என்று ஏதோ முனகினேன்.

அவளிடமும்!

ஆடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். வழியெல்லாம் அவை நன்றாகக் கத்தின.

ஜூன் 18

யாரும் முகம் கொடுப்பதில்லை. ஆனால் வருகிறார்கள்! ஒவ்வொருவராக, பின்பக்க வாசலில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பனியில் கருகிய வயலில் மறுபடி விதைக்கலாமா, இன்னொரு பனி வருமா என்று கேட்கிறார்கள். ஜோத்தமும் வந்தான். ஒரு தடவை ஏமாற்றினாய், இந்தத் தடவையாவது சொல்லிவிடு என்றான். கெஞ்சினான். அவன் கண்ணில் என்னைக் கொன்றுபோடும் வெறி இருந்தது, ஆனாலும் கெஞ்சினான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். பெரிய ரகசியம் கேட்டவன் மாதிரி தலையாட்டிக்கொண்டு போனான்.

யாரோ வாசலில் ஒரு பாலாடைக்கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். லவீனா வெட்டி வைத்தாள். தின்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

நாலு நாளாக மறுபடி கொதிக்கிற வெயில். கெஸையா வந்தாள். ஆடு செத்த பிறகு அவளாக வருவது இதுதான் முதல் தடவை. இளைத்துவிட்டாள்.

வீட்டில் கடைசியாக ஒரு மூட்டை விதைச் சோளம் இருக்கிறது. விதைத்து அது பிழைத்தால் அடுத்த வருஷம் வரைக்கும் கவலை இல்லை. பனியில் போனால் ஒன்றுமே இல்லை. இப்போதே அரைத்து வைத்தால் களி கிண்டிக் குழந்தைகளுக்குக் குளிர்காலம் முடியும் வரையாவது இழுத்துப் பிடிக்கலாம். இதைச் சொல்லிவிட்டு நின்றாள்.

"விதைக்கிறதா, அரைக்கிறதா? ஒங்க மேல எனக்கு இருக்கிற கோவம் வேற. பிள்ளைங்க வயித்துக்காகக் கேக்கறேன். நீங்க சொல்றதைச் செய்றேன்."

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வெளியே போய் வானத்தைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். நீலமாக இருந்தது. அவ்வளவுதான். எனக்கு அதில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. என்றைக்குமே தெரிந்ததில்லை.

ஜூன் 30, ஞாயிறு

சபையில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் ஆராதனை முடிந்ததும் நடுப்பாதையில் போய் நிற்பது வழக்கம். பெரும்பாலும் குடி, சண்டை, கல்யாணத்துக்கு முந்தைய பிள்ளை. இன்றைக்கு நான் போய் நின்றேன். லவீனா கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பனி வரும் என்று எனக்குத் தெரியாது என்றேன். மற்றவர்களின் ஆடுகளை முடித்துவிட்டு என்னுடையதை அடுத்த நாளைக்கு வைத்திருந்தேன், அதனால்தான் பிழைத்தன என்றேன். மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. ஆலங்கட்டி விழுந்த அன்றைக்கு எனக்கு முழங்கால் வலி. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜோத்தம் படியில் கேட்டபோது, முட்டாள் என்று பெயர் வாங்க வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன் என்றும் சொன்னேன்.

போதகர் மூப்பர்களைப் பார்த்தார். மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை என்ன பாவம் என்று எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஜோத்தம் எழுந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அப்போ இனிமே நாங்க யாரைப் போய்க் கேக்கறது?" என்றான்.

கேலி இல்லை. அழுகிற குரல் அது.

ஜூலை 1, திங்கள்

கெஸையாவைப் பார்க்கப் போனேன். சோளத்தைத் திரிகல்லில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் என் புத்தியைக் கேட்டிருப்பேன். இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்னுதான் எனக்குத் தோணிச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ராத்திரிக் காற்று சில்லென்று இருப்பதாக அன்று அவள்தான் சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நான்தான் பிடுங்கி எறிந்தேன்.

ஊரெல்லாம் விதைக்கிறார்கள். இனி எவனையும் கேட்பதில்லை என்று ஜோத்தம் ராப்பகலாக விதைக்கிறான்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்றும் இன்றும் உறைபனி. முளைத்ததெல்லாம் வெந்த கீரை மாதிரி துவண்டு கறுத்துக் கிடக்கிறது. என்னுடையதும்தான்.

ஜூலை 15

கேட்டது போதும். கெஸையா மட்டும் எப்படி அரைத்து வைத்தாள், அத்தான் காதில் ஓதியிருக்கிறான், சபையில் நின்று எல்லாரிடமும் தெரியாது என்று நாடகமாடிவிட்டு மச்சினிக்கு மட்டும் சொல்லியிருக்கிறான் என்கிறார்கள். அவளுக்கு இருக்கிற ஒரே பசுவின் பாலையும் யாரும் வாங்குவதில்லை. கிணற்றடியில் குழந்தைகளைப் பார்த்துக் குத்திப் பேசுகிறார்கள்.

என் பொய்யும் அவளைத்தான் அடித்தது. என் உண்மையும் அவளைத்தான் அடிக்கிறது. வீடு வீடாகப் போய் இல்லை என்று சொன்னேன். நம்புகிற மாதிரி தலையாட்டினார்கள். இந்தத் தலையாட்டலை அவர்களுக்குப் பழக்கியவனே நான்தானே.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஜோத்தம் இன்று கெஸையா வீட்டுக்குப் போயிருக்கிறான். சண்டைக்கு என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நிற்கிறான். அடுத்த பனி எப்போது என்று அவளைக் கேட்கிறான்!

"எனக்குத் தெரியாது" என்றாள் கெஸையா. "என்கிட்ட ஒரு மூட்டைதான் இருந்துச்சு. அதை வெச்சு சூதாட எனக்குத் தைரியம் இல்ல. அவ்வளவுதான்."

வெண்ணெய் கடைந்துகொண்டே சொன்னாள். கை நிற்கவில்லை. ஜோத்தம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். பிறகு, உனக்கு விறகு வெட்டித் தரட்டுமா என்று கேட்டான். வெட்டியும் கொடுத்தான்.

எவ்வளவு சின்ன வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு எட்டு வருஷம் ஆயிற்று.

ஆகஸ்ட் 30

மறுபடி பனி. மிச்சமும் போயிற்று. இந்த வருஷம் அறுப்பு இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு வண்டியாவது மேற்கே போகிறது. நிலம் கிடைத்துவிட்டது, வா என்று அமாசா ஒரு வியாபாரியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். ஜோத்தமும் ஒஹையோவுக்குத்தான் போகிறான். கெஸையாவையும் குழந்தைகளையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறேன் என்று அவனாகவே சொன்னான். அவள் மூட்டைகளை நான் தூக்கி வைத்தேன். மாவு மூட்டை பாதிக்குமேல் இருந்தது.

என் ஆடுகளில் நாலைந்தையாவது ஓட்டிக்கொண்டு போ என்று மறுபடி கெஞ்சினேன். இந்தத் தடவை மறுக்கவில்லை. வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

வழியனுப்ப ஊரில் மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் நின்றார்கள். லவீனா அழுதுகொண்டிருந்தாள். கெஸையா வண்டியில் ஏறி உட்கார்ந்து, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னைக் கூப்பிட்டாள்.

"என்ன அத்தான், இன்னிக்குக் கிளம்பலாமா?"

மேற்கே கொஞ்சம் கறுத்திருந்தது. மழையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

"எனக்குத் தெரியாது, கெஸையா."

ஜூனுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். "அப்பாடா" என்றாள். தானே அண்ணாந்து ஒரு தடவை வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஜோத்தமை வண்டியை விடச் சொன்னாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குழந்தைகளை வைத்துக்கொண்டு எங்கே ஒதுங்கினார்களோ, தெரியவில்லை.