சுவருக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் என் எண்ணைக் கண்டால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டுமே, அந்த ஆசையில்தான் இது.

ஆண்டறிக்கை வேலை மறுபடியும் என் மேசைக்கு வந்துவிட்டது. மருத்துவமனை எப்படி நடந்தது, நோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொண்டது, பணம் எங்கே போனது. எல்லா வருடமும் இதே மூன்று கேள்விதான். இந்த வருடம் புகார்கள் குறைந்திருக்கின்றன. அதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறார் இயக்குநர். அவசரப் பிரிவுத் தாழ்வாரத்தில் படுத்திருப்பவர்களுக்குப் புகார்ப் படிவம் கொடுக்கும் வழக்கமே இல்லை என்று நான் வாய் திறக்கவில்லை. நீ தலைமை நர்ஸாக இருந்த வார்டை மூடியதில் மிச்சமான தொகைக்கு ஒரு வரி இருக்கிறது. புதிதாக வாங்கிய ஸ்ட்ரெச்சர்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் வரக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு.

உன் வார்டை மூடவைத்தது என் அட்டவணைதான். அதை நீயும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. கட்டில் நிரம்பும் விகிதத்தில் உன் வார்டு மாதாமாதம் கடைசி. எப்போது எண்ணினாலும் பதினாறாம் கட்டில் காலி. 'பயன்படுத்தப்படாதது' என்று எழுதினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டில் வேலைப் பேச்சு வேண்டாம் என்று அப்பா சொல்லிவைத்திருந்தது வசதியாகப் போயிற்று.

இப்போது எழுதக் காரணம் வேறு. எங்கள் கணக்காளரைத் 'தசமம்' என்று கூப்பிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவர் சலவைக் கணக்கோடு வந்து நின்றார். மூடிக்கிடக்கும் உன் வார்டிலிருந்து தினம் ஒரு படுக்கை விரிப்பும் ஒரு தலையணை உறையும் சலவைக்குப் போகின்றனவாம். "பேய்க்குக்கூட அழுக்குத் துணி ஆகாது போலம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் அறைக்கும் உன் வார்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். அவ்வப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஆள் நடமாடும் சத்தம் கேட்கிறது.

போய்ப் பார்த்தேன். மற்றக் கட்டில்களில் மெத்தைகூட இல்லை. ஜன்னலோரம் பதினாறு மட்டும் புது விரிப்போடு இருந்தது. கால்மாட்டில் விரிப்பின் மூலையை நீ மடிப்பாயே, உறை போல, அதே மடிப்பு. தலையணை உறையின் திறந்த வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம். தம்ளரில் தண்ணீர், மேலே சாசர் மூடி. நீ வேறு ஊரில், அவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்று எனக்கே ஒருமுறை சத்தமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

யார் அக்கா அது? உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது. அப்பா போன பிறகு உன் கையெழுத்தையே நான் பார்க்கவில்லை.

உன்,
பாப்பா


ஜனவரி 20

தங்கைக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இங்கே சின்ன கிளினிக்கில் வேலை. ஊசி போடுவது, பிரஷர் பார்ப்பது, டாக்டரம்மாவின் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது. மூன்றாவதுதான் அதிக நேரம் பிடிக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அந்த வார்டுக்குள் போகாதே. விரிப்பை யார் மாற்றினால் உனக்கு என்ன?

கேட்டுவிட்டாய், அதனால் சொல்கிறேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பதினாறு காலியாகக் கிடக்கவில்லை. காலியாக வைத்திருந்தோம். இனி செய்ய ஒன்றுமில்லை என்று அவசரப் பிரிவில் டாக்டர்கள் கைவிட்டவர்களுக்கு எந்த வார்டிலும் கட்டில் கிடைக்காது. பிழைக்கிறவர்களுக்கே இல்லை என்பார்கள். அவர்கள் தாழ்வாரத்தில், போகிற வருகிறவர்கள் காலடியில், விளக்கு வெளிச்சத்தைப் பார்த்தபடி உயிரை விடுவார்கள். அப்படி ஒருவர் வந்தால் கீழேயிருந்து எங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். மேலே கொண்டுவந்து பதினாறில் போடுவோம். ஜன்னல் உண்டு, திரை உண்டு, வீட்டு ஆள் உட்கார நாற்காலி உண்டு. சிலருக்கு ஒரு மதியம், சிலருக்கு அதுவும் இல்லை. முடிந்ததும் விரிப்பை மாற்றி அடுத்தவருக்குத் தயாராக வைப்போம். நீங்கள் காலையில் எண்ண வரும்போது அது சுத்தமாக, காலியாக இருக்கும். இருக்கவேண்டிய விதத்தில் இருந்தது.

எழுத்தில் வைக்காதது என் முடிவு. வேண்டுமென்றே காலியாக வைத்த கட்டில் காகிதத்தில் குற்றமாகத்தான் தெரியும் என்று நினைத்தேன். எழுதாமலே குற்றமாயிற்று.

மதியச் சாப்பாட்டைத் தட்டிலேயே காயவிட்டுக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை விடு. இளைத்திருப்பாய் என்று தெரியும்.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 'தங்கைக்கு' என்று தொடங்கியிருக்கிறாய். பரவாயில்லை, அதுவும் உறவுதான்.

போகாதே என்றாய். போனேன். சாப்பாட்டு இடைவேளையில் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது. பதினாறில் ஒருவர் படுத்திருந்தார். சுவருக்கு வண்ணம் அடிப்பவர் போல, விரல் இடுக்கில் நீலம் இன்னும் போகவில்லை. அவர் மனைவி அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவசரப் பிரிவு நர்ஸ், உன்னிடம் வேலை பழகிய அந்தப் பெண், நீ 'பம்பரம்' என்று கூப்பிடுவாயே, அவருடைய உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் லிஃப்ட்காரர், கையில் சாவி.

"மேடம், நீங்க இதைப் பாக்கல" என்றாள் பம்பரம்.

"பாத்துட்டேனே."

"அப்போ உக்காருங்க. நின்னு பாத்தா ஆபீசர். உக்காந்து பாத்தா சொந்தக்காரங்க."

உட்கார்ந்தேன். அந்த மனைவி என்னை யாரென்று கேட்கவில்லை. கணவனிடம் குனிந்து, "பாருங்க, உங்களைப் பாக்க எத்தனை பேரு வந்திருக்காங்க" என்றாள். எங்களையும் லிஃப்ட்காரரையும் சேர்த்துத்தான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார். பம்பரம் ஜன்னலைத் திறந்தாள். வார்டு மூடிய பிறகும் இதை விட மனசு வரவில்லை என்றாள். மூலை மடிப்பு நீ சொல்லிக்கொடுத்தது என்றாள். பேய் என்று நினைத்து வந்தேன், உன் பழக்கம்தான் உன் வார்டில் உலவிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "யார் யாருக்கோ செய்றீங்க. எங்கப்பா கீழே தாழ்வாரத்துல ஸ்ட்ரெச்சர்ல கிடந்தார். உங்க சிஸ்டரோட அப்பா அவர். அவரை ஏன் இங்க கொண்டு வரல? என் மேல உள்ள கோபமா?"

அவள் முகம் என்னவோ ஆகிவிட்டது. "அக்காவைக் கேளுங்க மேடம். நான் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கேட்கிறேன். என்ன அது?

அப்பா போன அன்றைக்கு நான் இதே அறையில்தான் இருந்தேன். அரையாண்டுக் கூட்டம். போனை அமைதியாக வைத்துவிட்டு எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா தானே வண்டி பிடித்து வந்திருக்கிறார். கூட்டம் முடிந்து கீழே இறங்கியபோது முகத்தை மூடியிருந்தார்கள். நீ பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே, சுவருக்குப் பின்னாலிருந்து அப்பா தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. நம்மைக் கூப்பிடுவதற்கு முன்னால் செருமுவாரே, அது. மூடிய வார்டில் அப்பா எங்கிருந்து வருவார்? அவர் உயிர் பிரிந்து என்னைத் தேடி வந்ததோ என்று அன்றிரவே தோன்றியது. அதிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி என்னால் உட்கார முடிவதில்லை.

இன்னொன்று. போன வருடக் கணக்கு முறையை வைத்தே இன்னொரு வார்டை மூடப்போகிறார்கள். அங்கும் ஒரு கட்டில் எப்போதும் காலியாம். ஏன் காலி என்று இந்த முறை எனக்குத் தெரியும். பதினாறு எதற்காக இருந்தது, அது போன பிறகு தாழ்வாரத்தில் என்ன நடக்கிறது, என் அட்டவணை எங்கே தவறியது, இவற்றை ஒரு பத்தியாக அறிக்கையில் எழுத நினைக்கிறேன். நீ வேண்டாம் என்றால் எழுதமாட்டேன்.

பாப்பா


பிப்ரவரி 11

தங்கைக்கு,

எழுது. வார்டு திறந்திருந்தபோது நடந்ததை எழுது, இன்றைக்கு அங்கே நடப்பதை எழுதாதே. பம்பரத்துக்கு இரண்டு பிள்ளைகள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு இப்போது பதில் இல்லை. நீ எண்களின் பக்கமா, எங்கள் பக்கமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த பிறகு பார்க்கலாம்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் அறிக்கை ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பராமரிப்புத் தரம் என்ற பகுதியில், பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கும். அச்சகம் செய்த தவறு என்று நினைக்காதே.

அந்த இடத்தில்தான் என் பத்தி இருந்தது. இயக்குநர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "போன வருஷ அறிக்கை தப்புன்னு இந்த வருஷ அறிக்கையிலேயே எழுதினா, அடுத்த வருஷம் யாரும்மா நம்மை நம்புவாங்க?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னார். அச்சகத்திலிருந்து கேட்டார்கள், இடம் காலியாக இருக்கிறது, பூந்தோட்டப் படம் ஏதாவது போடவா என்று. அப்படியே விடுங்கள் என்றேன். காரணம் கேட்டார்கள். யாராவது வருவார்கள் என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வந்தார்கள் அக்கா. நிர்வாகக் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், நோட்டுத் திருத்திய கண். எல்லாரும் மிச்சமான தொகையைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன, பாதி காலி?"

"அது வடிவமைப்பு" என்றார் இயக்குநர்.

"நான் எத்தனை பசங்களைப் பாத்திருக்கேன். இது எழுதி அழிச்ச இடம். யாரு எழுதினது?"

எழுந்து நின்றேன். நான்தான் என்றேன். பிறகு சொன்னேன். பதினாறைப் பற்றி, தாழ்வாரத்தைப் பற்றி, என் அட்டவணையைப் பற்றி. அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை, அது நம் வீட்டு விஷயம்.

இரண்டாவது வார்டை மூடவில்லை. ஒவ்வொரு வார்டும் ஒரு கட்டிலை எண்ணிக்கையில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. உன் வார்டு திறக்கப்போவதில்லை, அதற்குப் பணம் இல்லையாம். ஆனால் இனிமேல் பம்பரம் திருட்டுத்தனமாக மாடியேற வேண்டியதில்லை. கடைசியாக ஒருமுறை விரிப்பை மாற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சலவைக் கணக்கைத் தசமம் பார்த்துக்கொண்டார். "திரைச்சீலைன்னு போட்டுட்டேன்மா. திரைச்சீலையும் அழுக்காகும்ல?"

எனக்கு மாற்றல். அடித்தளத்தில் பழைய பதிவேட்டு அறை. இயக்குநர் கைகுலுக்கி அனுப்பினார்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டாய். அந்த வெள்ளை இடத்தைப் பார்.

பாப்பா


ஏப்ரல் 15

என் பாப்பாவுக்கு,

பார்த்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் மறைக்கக்கூடாது.

அப்பா தாழ்வாரத்தில் சாகவில்லை. பதினாறில்தான் போனார்.

அவரை அடையாளம் கண்டது பம்பரம். டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியதும், சிஸ்டரோட அப்பாவை இங்கே விடமாட்டேன் என்று லிஃப்ட்காரரை எழுப்பிச் சாவி வாங்கி, வெறும் வார்டில் ஒரு கட்டிலுக்கு விரிப்புப் போட்டாள். மூடிய வார்டில் அதுதான் முதல் தடவை. பிறகு நடந்ததெல்லாம் அவரிலிருந்து தொடங்கியது. முடிந்ததும் கீழே கொண்டுவந்து படுக்கவைத்தாள். மூடிய வார்டில் ஒரு சாவு என்று வெளியே தெரிந்தால் அவள் வேலை போய்விடும்.

நீ கூட்டத்தில் படித்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கம் நன்றாகக் கேட்டதாம். அப்பா கண்ணைத் திறந்து, "அது நம்ம பாப்பா குரல்தானே?" என்று கேட்டாராம். "ஆமாம்பா, பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. கூப்பிடட்டுமா?" என்றிருக்கிறாள். அப்பா செருமியிருக்கிறார், கூப்பிடத்தான். நீ ஒரு நொடி நிறுத்தினாயாம். உடனே அவர் பம்பரத்தின் கையை அழுத்தி, "விடும்மா. நல்லாப் படிக்கிறா. படிக்கட்டும்" என்றாராம். நீ மறுபடி படிக்க ஆரம்பித்தாய். அதைக் கேட்டுக்கொண்டே போனார்.

வாக்கு வாங்கியது நான்தான். பம்பரத்தைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. கடைசியில் அவருக்கு உன் குரல் கிடைத்தது. எனக்கு ஒரு பஸ் ஜன்னல்தான் கிடைத்தது. என் வார்டை மூடிய கையிடம் இதையும் எப்படிக் கொடுப்பது என்று மனசு இறுகிவிட்டது. நீ அந்தச் சுவரோடு இத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருப்பாய் என்று நீ எழுதும்வரை தெரியாமல் போயிற்று, எழுதிய பிறகும் பிடிவாதமாக இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். போன் செய், எடுக்கிறேன்.

உன்,
அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

போன் செய்ய முடியவில்லை. உன் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

நான் நிறுத்தியது உண்மை. அது அப்பாதான் என்று உடம்புக்குத் தெரிந்தது. இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியைப் படித்தேன். அது உன் வார்டை மூடியதில் மிச்சமான தொகை.

நீ வா. அப்பாவின் அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன், மூலை மட்டும் எனக்குச் சரியாக மடியவில்லை. நீ வந்து மடித்துக்காட்டு.

இங்கே அடித்தளத்தில் நான்கு பக்கமும் கருங்கல் சுவர், அதற்கு அப்பால் மண். அந்தப் பக்கம் ஆள் இருக்க வழியே இல்லை. ஆனாலும் பதிவேட்டில் எண்களை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும்போது எப்போதாவது அந்தச் செருமல் கேட்கிறது. இப்போதெல்லாம் நான் தொடர்ந்து படிப்பதில்லை. பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி, "என்னப்பா?" என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பா