கருகல் வாடை

மே 16
இன்று நாற்பத்திரண்டு மாதிரிகள். எங்கள் தரச் சோதனை அறையில் எல்லா இலைக்கும் ஒரே முறை: மூன்று கிராம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். வீட்டில் யாரும் பச்சைத் தேநீரை இப்படிப் போட மாட்டார்கள். ஆனால் குறை ஒளிந்துகொள்ள இடமிருக்காது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மிசுஸு தன் மாமா தோட்டத்து இலையைக் கொடுத்தனுப்பியிருந்தாள். கருகல் வாடை. கழித்துவிட்டேன்.

மே 17
சொன்னதும் மிசுஸுவின் முகம் சுருங்கிவிட்டது. சுட்ட மீனோடு குடித்துப் பார்த்தாயா என்றாள். தேநீரைத் தனியாகத்தான் சோதிக்க வேண்டும் என்றேன். சண்டை. அப்புறமும் கெண்டியின் கடைசிச் சொட்டை என் கோப்பையில்தான் வடித்தாள். சாரமெல்லாம் அதில்தான். இரண்டு வருடமாக அப்படித்தான்.

ஜூன் 3
ஓநுகி அம்மா தன் வெந்நீரூற்று விடுதியின் பக்கக் கட்டடத்தை எங்களுக்கு வாடகைக்கு விடுவார்போல. எட்டு இருக்கைச் சாப்பாட்டுக் கடை. மிசுஸு சமையல், நான் தேநீர். கடை திறந்ததும் கல்யாணம். ஞாயிறன்று அவருக்குச் சமைத்துக் காட்ட வேண்டும்.

ஜூன் 8
நாசமாய்ப் போயிற்று.
உப்புத் தடவிச் சுட்ட அயு, குடலோடு. இந்த ஆற்று மீனுக்கு அந்தக் கசப்புதான் ருசி. சோதனையில் முதலிடம் வந்த இலையை அறுபது டிகிரியில் போட்டு ஊற்றினேன். ஓநுகி அம்மா ஒரு வாய் மீன், ஒரு மிடறு தேநீர் — கோப்பையைத் தள்ளி வைத்தார். கவிச்சி அடிக்கிறதாம். எனக்கும் அடித்தது. ஆனால் நான் சொன்னது: "மிசுஸு மீனை ரொம்பக் கருக்கிட்டா. தேநீர்ல குறையில்ல."
எதுக்குடா சொன்னே, சோஹெய்?
மிசுஸு தன் மாமா இலையை நல்ல சூட்டில் போட்டு அவர் முன் வைத்தாள். அம்மா முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை. "சோஹெய் தம்பி, உங்க தேநீர் நல்ல தேநீர்தான். யாரோடயும் ஒட்ட மாட்டேங்குது."
வெளியே வந்ததும் மிசுஸு: "மனுஷங்க மேலயும் கொதிக்கிற தண்ணியத்தான் ஊத்துற நீ. குறை தெரியும், சரி. அப்புறம் யார் குடிக்கிறது?"

ஜூன் 11
ஓநுகி அம்மா கட்டடத்தை மிசுஸுவுக்கு மட்டும் விட்டுவிட்டார். மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். தராசும் வெப்பமானியும் இருக்கின்றன. கெண்டி இல்லை.

ஜூன் 12
போகட்டும்.

ஆகஸ்ட் 2
அவள் கடைக்குப் போனேன். எட்டாவது இருக்கைதான் காலி. "வாங்க," என்றாள், எல்லோரிடமும் சொல்வதுபோல. அயு. அதே தேநீர், அதே கருகல் வாடை. மீனோடு சேர்ந்ததும் அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குறை தேடித் தேடி முள்வரை தின்றிருக்கிறேன்.
எனக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரே கெண்டியிலிருந்து மாறி மாறி ஊற்றினாள். கடைசிச் சொட்டு அவர் கோப்பையில் விழுந்தது.